உப்பும் மல்லியும் போட்ட பீர்

“அலுவலக விருந்தில் ‘சவர் ஏல்’ என்று ஒரு பீர் கொடுத்தார்கள். ஒரு மடக்கு குடித்ததும் பல் கூசும் அளவுக்குப் புளித்தது. கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அப்படியே வைத்துவிட்டேன். நண்பர்கள் சிரித்தார்கள். அது உண்மையிலேயே அப்படித்தான் இருக்குமா?” என்று சென்ற மாதம் ஓர் இளம் வாசகர் கேட்டிருந்தார்.

ஆமாம் தம்பி, அப்படித்தான் இருக்கும். அது கெட்டுப்போன பீர் இல்லை. வேண்டுமென்றே புளிக்க வைத்த பீர்.

ஒரு வரியில் பதில் முடிந்துவிட்டது. ஆனால் கேள்வி என்னை விடவில்லை. இந்தப் பத்தியில் இட்லி மாவைப் பற்றி எழுதியிருக்கிறேன், சம்பால் பற்றி எழுதியிருக்கிறேன், மீன் தலைக் கறிக்காக ஒரு வாரம் முழுக்க அலைந்திருக்கிறேன். மதுவைப் பற்றி எழுதியதே இல்லை. எழுதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நம் வீடுகளில் அதைப் பற்றிப் பேசும் வழக்கம் இல்லை, அவ்வளவுதான். குடிப்பவர் வெளியே குடித்துவிட்டு வருவார். வீட்டில் இருப்பவர்கள் தெரியாததுபோல் இருப்பார்கள். இல்லையென்றால் சண்டை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பேச்சு இருக்க முடியுமா என்று பார்க்கத்தான் இந்த வாரம் இந்தக் கண்ணாடிக் குவளையைக் கையில் எடுத்தேன்.

மதுவே தொடாத வாசகர்களும் தொடர்ந்து படியுங்கள். கடைசியில் உங்களுக்கும் ஒரு குவளை உண்டு, மது இல்லாமல்.

மாவு புளிப்பது போலத்தான்

சாதாரண பீர் எப்படிச் செய்கிறார்கள்? பார்லியை முளைகட்டி உலர்த்துவார்கள். அதற்கு மால்ட் என்று பெயர். மால்ட்டை நொறுக்கி வெந்நீரில் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, இனிப்பான கஞ்சித் தண்ணீர் கிடைக்கும். அதை வடித்து, கசப்புக்கும் மணத்துக்கும் ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைப் போட்டுக் கொதிக்க வைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்ப்பார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று மதுவையும் வாயுவையும் தரும்.

புளிப்பு பீரில் நடுவில் இன்னொரு வேலை இருக்கிறது. லாக்டிக் அமிலம் தரும் பாக்டீரியாவையும் உள்ளே விடுவார்கள். பெரும்பாலும் லாக்டோபேசில்லஸ் வகை. நம் வீட்டுத் தயிரைப் புளிக்க வைப்பதும், இட்லி மாவைப் புளிக்க வைப்பதும் இதே லாக்டிக் அமிலக் கூட்டத்தைச் சேர்ந்தவைதான். ஹாப்ஸ் இந்தப் பாக்டீரியாவை வளரவிடாது என்பதால் புளிப்பு பீரில் அதை மிகக் குறைவாகவே போடுவார்கள். அதனால்தான் இந்த பீரில் கசப்பு ஏறக்குறைய இருக்காது.

இன்றைய சிறு பீர் ஆலைகள் பலவும் பின்பற்றுவது ஒரு சுருக்கு வழி. இனிப்புக் கஞ்சித் தண்ணீரை 40 டிகிரி செல்சியஸ் சூட்டுக்குப் பக்கத்தில் வைத்து, பாக்டீரியாவைச் சேர்த்து, காற்றுப் படாமல் மூடி, ஓரிரு நாள் விட்டுவிடுவார்கள். வேண்டிய புளிப்பு வந்ததும் கொதிக்க வைப்பார்கள். பாக்டீரியா செத்துவிடும், புளிப்பு அந்த இடத்திலேயே நின்றுவிடும். பிறகுதான் ஈஸ்ட். மாவு பொங்கி வழியும் முன் எடுத்துக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைக்கிறோமே, அந்த யோசனைதான். நாம் குளிர வைத்து நிறுத்துகிறோம், அவர்கள் கொதிக்க வைத்து நிறுத்துகிறார்கள்.

புளிப்பை அளக்க பிஎச் என்ற கணக்கு உண்டு. எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். சாதாரண பீர் 4.2 முதல் 4.6 வரை இருக்கும். இந்தப் புளிப்பு பீர் 3.2 முதல் 3.5 வரை இறங்கும். தயிரைவிடப் புளிப்பு அதிகம், எலுமிச்சைச் சாற்றைவிடக் குறைவு.

இரண்டு ஜெர்மன் ஊர்கள்

புளிப்பு பீர் புதிதாக வந்த நாகரிகம் என்று நினைக்க வேண்டாம். பெல்ஜியத்தில் பிரசெல்ஸ் நகரைச் சுற்றி லாம்பிக் என்ற புளிப்பு பீரைக் காற்றில் மிதந்து வரும் ஈஸ்ட்டைக் கொண்டே புளிக்க வைத்து, மரப்பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் ஊறப்போடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அது கனமான விஷயம், வேறொரு வாரத்துக்கு. இலேசான, தாகம் தணிக்கும் வகை வேண்டுமென்றால் ஜெர்மனியின் இரண்டு ஊர்களுக்குப் போக வேண்டும்.

முதலாவது பெர்லின். அங்கே பார்லியோடு கோதுமையும் சேர்த்துச் செய்வது ‘பெர்லினர் வைஸ’. மதுவின் அளவு 3 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். நெப்போலியனின் படை வீரர்கள் பெர்லினில் இதைக் குடித்துவிட்டு ‘வடக்கின் ஷாம்பேன்’ என்று பெயர் வைத்ததாக ஒரு கதை உண்டு. புளிப்புத் தாங்காதவர்களுக்காக அதில் பழப் பாகு கலந்து கொடுப்பது பெர்லின் வழக்கம். ராஸ்பெரிப் பாகு என்றால் சிவப்பு. உட்ரஃப் என்ற வாசனைப் பச்சிலைப் பாகு என்றால் பச்சை. அகலமான கிண்ணம் போன்ற குவளையில், நம் ஊர் பண்டோங்கும் பச்சை சிரப்பும்போல வரும்.

இரண்டாவது லைப்சிக். அந்த ஊரின் பீருக்குக் ‘கோசெ’ என்று பெயர். கோஸ்லார் என்ற ஊரிலிருந்தும் அங்கே ஓடும் கோசெ ஆற்றிலிருந்தும் வந்த பெயர். இதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஏனென்றால் கோசெயில் கோதுமை, பார்லி மால்ட், புளிப்பு ஆகியவற்றோடு இரண்டு பொருள்கள் கட்டாயம் சேரும். ஒன்று உப்பு. இன்னொன்று மல்லி விதை. ஆமாம், நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் அதே மல்லி. புளிப்பு, உப்பு, மல்லி மூன்றும் சேர்ந்தால் நமக்கு ரசம். லைப்சிக் நகரத்துக்கு அது பீர்.

பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது என்று 1516இல் பவேரியாவில் ஒரு சட்டம் வந்தது. பின்னாளில் அது ஜெர்மனி முழுவதற்கும் பரவியது. உப்பும் மல்லியும் போட்ட கோசெ எப்படிப் பிழைத்தது? வட்டாரத்தின் தனிச்சிறப்பு என்று விலக்குக் கொடுத்தார்கள். ஆனாலும் போர்களும் கிழக்கு ஜெர்மனியின் தட்டுப்பாடும் சேர்ந்து அதை ஒழித்துவிட்டன. 1966இல் லைப்சிக்கில் கோசெ காய்ச்சிய கடைசி ஆலையும் நின்றது. ஏறக்குறைய 20 ஆண்டுகள் அந்தச் சுவையே இல்லை. 1980களில் லோதார் கோல்ட்ஹான் என்பவர் அங்கே பாழடைந்து கிடந்த பழைய கோசெ மதுக்கூடம் ஒன்றைப் புதுப்பித்து, அதற்காகவே மறுபடி கோசெயைக் காய்ச்ச வைத்தார். இன்று அமெரிக்கா முதல் ஆஸ்திரேலியா வரை சிறு ஆலைகள் கோசெ செய்கின்றன. இங்கும் கலமான்சி, அன்னாசி, ஆசாம் போய் என்று நம் வட்டாரச் சுவைகளைச் சேர்த்துச் செய்து பார்ப்பவர்கள் உண்டு.

ஈசூனில் ஒரு ஞாயிறு

எழுதுவதற்குமுன் சுவைக்க வேண்டுமே. அக்கா மகனிடம் சொல்லியிருந்தேன். அவனுக்கு வயது 27, கணினித் துறையில் வேலை, இந்த வகை பீரெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை ஈசூனில் அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. சாப்பிட உட்காரும் நேரத்தில் பையிலிருந்து இரண்டு டின்னை எடுத்து மேசைமீது வைத்தான்.

“மாமா, நீங்க கேட்ட கோசெ. ஒரு டின் ஒன்பதரை வெள்ளி.”

அக்கா குழம்புச் சட்டியோடு வந்தாள். “என்னடா அது?”

“பீரும்மா. ரொம்ப லேசானது. மாமா எழுதப் போறாரு.”

“லேசோ கனமோ, என் சாப்பாட்டு மேசையில வேணாம்.”

அவன் ஒன்றும் சொல்லாமல் டின்களை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டான். “சரி மாமா, நாம அப்புறம் வெளியில போய்க் குடிச்சுக்கலாம்” என்றான்.

அந்த ‘வெளியில’ என்ற சொல்தான் அக்காவை நிறுத்தியது என்று நினைக்கிறேன். சட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

எங்கள் அப்பா ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் மரம் வெட்டியவர். எனக்கு அந்த நாள்கள் நினைவில்லை, நான் கைக்குழந்தை. அக்காவுக்குப் பத்து வயது. சம்பள நாள் அன்று அப்பாவைக் கூட்டி வரச் சொல்லி அம்மா அவளைத்தான் அனுப்புவார். தோட்டத்துக் கள்ளுக்கடைக்குள் பிள்ளைகளை விடமாட்டார்கள். வேலிக்கு வெளியே நின்று, போகிற வருகிறவரிடமெல்லாம் “எங்கப்பாவைக் கூப்பிடுங்க” என்று சொல்ல வேண்டும். சில நாள் வருவார். சில நாள் இருட்டும்வரை நின்றுவிட்டுத் தனியாக வருவாள். இவ்வளவு எனக்குத் தெரியும். அன்று அவள் சொன்ன ஒன்று எனக்குத் தெரியாது.

“உங்க தாத்தா குடிச்சத நான் ஒரு நாளும் பார்த்ததில்லடா. குடிச்சிட்டு வந்ததத்தான் பார்த்திருக்கேன். எவ்வளவு குடிச்சாரு, யாரோட குடிச்சாரு, எதுவும் தெரியாது. வேலிக்கு இந்தப் பக்கம் அந்தப் புளிச்ச வாடை மட்டும் வரும்.” பிறகு மகனைப் பார்த்து, “நீயும் வெளியில போய்த்தான் குடிப்பேன்னா, எனக்கு மறுபடியும் வேலிதான்” என்றாள்.

அக்கா வீட்டுத் தோசை புளிக்கவே புளிக்காது. மாவில் லேசாக வாசம் வந்ததுமே குளிர்பதனப் பெட்டிக்குள் போய்விடும். அவள் கைப்பக்குவம் அப்படி என்று 30 ஆண்டுகளாக நினைத்திருந்தேன். காரணம் இதுதான் என்று அன்றுதான் சொன்னாள்.

“எடு, இங்கேயே ஊத்து. எவ்வளவுன்னு நான் பார்க்கிறேன்” என்றாள் கடைசியில். ஒரு டின்னை இரண்டு குவளையில் ஊற்றினோம். அக்கா என் குவளையை வாங்கி முகர்ந்து பார்த்தாள். “கள்ளு வாடை இல்ல. உப்புப் போட்ட எலுமிச்சை மாதிரி இருக்கு” என்று திருப்பிக் கொடுத்தாள். குடிக்கவில்லை. இரண்டாவது டின்னை நான் கிளம்பும்போது மறக்காமல் என் பையில் போட்டு அனுப்பினாள். ராத்திரியில் அது வீட்டில் இருக்க வேண்டாமாம்.

வேலிக்கு இந்தப் பக்கம்

அக்காவின் கதை எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. மலாயாவின் தோட்டங்களில் கள்ளுக்கடை என்பது லயத்து வீடுகளோடு சேர்த்தே அமைக்கப்பட்ட ஒன்று. சிங்கப்பூரிலும் ஒரு காலத்தில் அரசாங்கக் கள்ளுக்கடைகள் இருந்தன. கூலி கொடுத்த கையே கள்ளையும் விற்றது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை என்ற பெயரில் திரண்ட தோட்டத்து இளைஞர்களும் கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போராடினார்கள்.

ஆகவே நம் வீட்டு அம்மாக்களும் பாட்டிகளும் ஒரு டின்னைப் பார்த்து முகம் சுளிக்கும்போது, அதைப் பழைய பஞ்சாங்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் பார்ப்பது அந்த டின்னை மட்டும் இல்லை. அதே சமயம், அலுவலக விருந்தில் குவளையோடு நிற்கும் பிள்ளை கள்ளுக்கடையில் நிற்கும் தாத்தாவும் இல்லை. இதை இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்துதான் பேசித் தீர்க்க வேண்டும். பேசுவதற்கு என்ன இருக்கிறது என்கிறீர்களா? இரண்டு விஷயம் இருக்கிறது. சுவை ஒன்று. அளவு ஒன்று.

எப்படிச் சுவைப்பது

முதலில் சுவை. டின்னை உறைபெட்டியில் வைத்து எடுக்க வேண்டாம். அதிகக் குளிர் நாக்கை மரத்துப்போகச் செய்யும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து ஐந்து நிமிடம் கழித்து ஊற்றினால் போதும். டின்னிலிருந்து நேராகக் குடித்தால் மணம் பாதி போய்விடும். அகலமான கண்ணாடிக் குவளையில் ஊற்றுங்கள்.

நிறத்தைப் பாருங்கள். வெளிறிய வைக்கோல் நிறம், கொஞ்சம் கலங்கல். கோதுமையால் வந்த கலங்கல் அது. நுரை வெள்ளையாக எழுந்து சீக்கிரமே அடங்கிவிடும். புளிப்பு அதிகமுள்ள பீரில் நுரை நிற்காது. அதனால் ‘கேஸ் போய்விட்டது’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

முகர்ந்து பாருங்கள். எலுமிச்சைத் தோல், காய்வெட்டான மாங்காய், பிசைந்த கோதுமை மாவு, கொஞ்சம் மோர். கோசெ என்றால் பின்னால் மல்லி வாசம் மெதுவாக வரும். வறுத்த மல்லியின் வாசம் இல்லை. அம்மியில் அப்போதுதான் நசுக்கிய பச்சை மல்லி விதை, கொஞ்சம் ஆரஞ்சுத் தோல் கலந்ததுபோல.

பிறகு ஒரு சிறு மடக்கு. முதல் மடக்கை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நாக்கு அப்போது அதிர்ச்சியில் இருக்கும். நாக்கின் இரண்டு பக்கமும் சுருக்கென்று இழுக்கும், வாய் ஊறும். இரண்டாவது மடக்கில்தான் உப்புத் தெரியும். கறியில் உப்புச் சரியாக இருந்தால் உப்புத் தெரியாது, கறிதான் தெரியும் அல்லவா? நல்ல கோசெயிலும் அப்படித்தான். உப்புக் கரித்தால் அது சரியாக வராத கோசெ. விழுங்கியபின் வாயில் இனிப்பு தங்காது, துடைத்துவிட்டதுபோல் இருக்கும். நாங்கள் குடித்த டின்னில் உப்பு அளவாக இருந்தது, மல்லி கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அக்கா மகன் அது அப்படித்தான் பிடிக்கும் என்றான். எனக்கு ஒரு சிட்டிகை குறைத்திருக்கலாம் என்று பட்டது.

எதோடு சாப்பிடுவது? எண்ணெய்ப் பண்டங்களோடு இதற்கு நல்ல உறவு. வறுத்த மீனுக்கு எலுமிச்சை பிழிகிறோமே, அதே வேலையை இது செய்யும். அன்று அக்கா பொரித்த குறுப்பாய் மீனோடும் அப்பளத்தோடும் நன்றாகச் சேர்ந்தது. சாத்தே, கெரோப்போக், நெத்திலி வறுவல், மிளகாய் பஜ்ஜி எல்லாம் சரி. கசப்பு இல்லாததால் காரத்தோடு மோதாது. ரசம், புளிக்குழம்பு, ஆசாம் லக்சா வேண்டாம். புளிப்பின்மேல் புளிப்பு ஏறி இரண்டுமே கெட்டுவிடும்.

வெறும் வயிற்றில் வேண்டாம். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. குடித்த கையோடு பல் துலக்காதீர்கள். புளிப்பால் பல்லின் மேல்பூச்சு இளகியிருக்கும். தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரமாவது பொறுங்கள்.

லேசு என்பது ஓர் எண்

இனி அளவு. அக்கா மகன் ‘ரொம்ப லேசானது’ என்றான் அல்லவா? லேசு என்று டின்னில் எழுதியிருக்காது. எண்தான் எழுதியிருக்கும். அதைப் படிக்கத் தெரிய வேண்டும்.

நாங்கள் குடித்த டின் 330 மில்லிலிட்டர், மது 4.5 விழுக்காடு. பெருக்கினால் ஏறக்குறைய 15 மில்லிலிட்டர் சுத்த மது, எடையில் சுமார் 12 கிராம். அதே அளவு டின்னில் 3 விழுக்காடு பெர்லினர் வைஸ என்றால் சுமார் 8 கிராம். காப்பிக்கடையில் கிடைக்கும் 8 விழுக்காடு பீர் 500 மில்லிலிட்டர் டின் என்றால் 32 கிராமை எட்டும். உடல் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் மதுவைத்தான் கரைக்கும். ஆக, ஒரு கோசெக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அந்த 8 விழுக்காட்டு டின்னுக்குப் பாதி இரவு போய்விடும்.

புளிப்பு பீரில் ஒரு கண்ணி இருக்கிறது. பழரசம்போல் இருப்பதால் மதுவின் காரம் தெரியாது. தாகத்தில் மடமடவென்று இறங்கும். அதோடு, புளிப்பு என்ற பெயரில் வருவதெல்லாம் லேசும் இல்லை. பழக்கூழ் சேர்த்துக் கெட்டியாகச் செய்யும் சில வகைகள் 6, 7 விழுக்காட்டைத் தாண்டும். டின்னின் படம் மாம்பழமாக இருக்கும். எண்ணைப் பாருங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் 18 வயது நிறைந்தவர்களுக்குத்தான் மது விற்கலாம். இரவு 10.30 மணி முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது. வாகனம் ஓட்டுபவருக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்பது எல்லை. பாலத்தைத் தாண்டி ஜொகூருக்குப் போனால் வயது 21, ஓட்டுநர் எல்லை 50 மில்லிகிராம். இங்கே தப்பித்த அளவு அங்கே குற்றமாகிவிடும். இந்தக் கணக்கெல்லாம் எதற்கு? சாவி கையில் இருந்தால் குவளை கையில் வேண்டாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எந்த அளவு மதுவும் உடலுக்குப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என 2023இல் உலகச் சுகாதார நிறுவனம் தெளிவாக அறிவித்தது. மதுவால் புற்றுநோய் வரும் என்பதும் நிலைநாட்டப்பட்ட உண்மை. லேசான பீர் உடம்புக்கு நல்லது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கர்ப்பிணிகளும் மருந்து சாப்பிடுபவர்களும் தொடவே கூடாது. குடிக்காதவர் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. வீட்டில் ஏற்கெனவே குடிப்பழக்கத்தால் அவதிப்படுபவர் இருந்தால், அவர் முன்னால் லேசானதையும் திறக்காதீர்கள்.

ஏற்கெனவே குடிப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வாரத்தில் நான்கு டின் வாங்கும் காசுக்கு ஒன்று வாங்குங்கள், நல்லதாக. அதை ஒருவரோடு பகிர்ந்து, சாப்பாட்டோடு, வீட்டார் பார்க்கும் இடத்தில், முக்கால் மணி நேரம் எடுத்துக் குடியுங்கள். அப்படிக் குடிக்க முடியவில்லை, அடுத்த டின்னுக்குக் கை போகிறது என்றால் அதுவும் ஒரு தகவல்தான். அதைத் தெரிந்துகொள்ளவும் அந்த மேசை உதவும்.

மது இல்லாத குவளை

சொன்னபடி எல்லாருக்குமான ஒன்று. கோசெயின் புளிப்பு, உப்பு, மல்லி மூன்றையும் மது துளியும் இல்லாமல் கொண்டுவரப் பலமுறை கலந்து பார்த்ததில் இது சரியாக வந்தது.

அரைத் தேக்கரண்டி மல்லி விதையை வறுக்காமல் ஒன்றிரண்டாக நசுக்கி, 100 மில்லிலிட்டர் வெந்நீரில் பத்து நிமிடம் மூடி வைத்து வடிகட்டுங்கள். அதே வெந்நீரில் ஓர் ஆசாம் போயையும் போட்டு ஆறவிடுங்கள். நான்கு கலமான்சியைப் பிழிந்து, விதை நீக்கிச் சேருங்கள். அரைத் தேக்கரண்டி சர்க்கரை போதும். பெரிய குவளையில் பனிக்கட்டி போட்டு, இதை ஊற்றி, மேலே 200 மில்லிலிட்டர் குளிர்ந்த சோடா. ஆசாம் போயிலேயே உப்பு இருக்கிறது. சுவைத்துப் பார்த்துவிட்டு வேண்டுமென்றால் மட்டும் ஒரு சிட்டிகை சேருங்கள். சோடா ஊற்றியபின் வேகமாகக் கலக்க வேண்டாம், வாயு போய்விடும்.

வெயில் கொளுத்தும் மதியத்தில் பிள்ளைகளிலிருந்து தாத்தா பாட்டி வரை எல்லாரும் குடிக்கலாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஆசாம் போயைத் தவிர்த்துவிட்டுக் கலமான்சியை ஒன்று கூட்டிக்கொள்ளலாம். செய்து பார்த்தவர்கள் மல்லி போதுமா, கூடுதலா என்று எழுதுங்கள். அடுத்த வாரம் மறுபடியும் அடுப்பங்கரைக்கே போய்விடுவோம். பழைய சோற்றைப் பற்றி ஒரு வாசகர் கேட்ட கேள்வி காத்திருக்கிறது. அதுவும் புளிப்பு விவகாரம்தான்.